நாற்சார் வீடும் எட்டு மில்லிமீட்டரும்

தைப்பொங்கல் நெருங்கினால் வல்வெட்டித்துறையில் பல வீட்டு விறாந்தைகளில் மூங்கில் சீவுகிற வேலை தொடங்கிவிடும். கொக்கு, பிராந்து, பெட்டி என்று பழகிய பட்டங்கள் ஒரு பக்கம். கப்பல், விமானம், தேர் என்று முப்பரிமாணத்தில் கட்டி, பொங்கலன்று பின்னேரம் கடற்கரையில் போட்டிக்கு ஏற்றும் பட்டங்கள் இன்னொரு பக்கம். இவற்றைக் கட்டுகிறவர்களில் பலர் வளர்ந்த ஆட்கள். வேலை முடிந்து வந்து இரவிரவாக நூல் கட்டி, நிறை பார்த்து, காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டுகிறார்கள். "உந்த வயசில உனக்கேன் உது" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. ஊரே திரண்டு போய்ப் பார்க்கிறது. அதே ஆள் மேசையில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டி ஒரு வீடு கட்டத் தொடங்கினால் மட்டும், வந்துபோகிற மாமிமார் "பிள்ளைக்கோ தம்பி உது?" என்று விசாரிப்பார்கள்.

அப்படிக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. லெகோவும் அதைப் போன்ற கட்டைகளும் சிறுவர் விளையாட்டுச் சாமானாகத்தான் பிறந்தன. பிறகு பல நாடுகளிலும் பெரியவர்கள் அதைக் கைவேலையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கான காரணம் அந்தக் கட்டையின் அளவுகளுக்குள்ளேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குத் தனியாக ஒரு பயனும் உண்டு என்பது என் எண்ணம். நம் ஊர்க் கட்டடம் ஒன்றைக் கட்டைகளில் கட்ட வேண்டுமென்றால் அதன் தூண்களை எண்ண வேண்டும், படிகளை அளக்க வேண்டும், கூரை எங்கே மடிகிறது என்று நின்று பார்க்க வேண்டும். தினமும் கடந்து போகிற கட்டடத்தை அப்படி நாம் பார்ப்பதே இல்லை.

முதலில் கட்டையின் கதை. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். லெகோ நிறுவனம் அங்கிருந்து வளர்ந்தது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவற்றின் மூல வடிவம் இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் உருவாக்கிய கிட்டிகிராஃப்ட் கட்டைகளிலிருந்து வந்தது. அந்தக் காலக் கட்டைகள் உள்ளே வெறுமையானவை. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்த புதிய வடிவத்தில் மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். மேல் கட்டையின் குழாயும் சுவரும் கீழ்க் கட்டையின் குமிழைப் பக்கங்களில் நெருக்கிப் பிடிக்கும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். 1963 முதல் பொருளும் மாறியது. காலப்போக்கில் நெளிந்துபோகிற செல்லுலோஸ் அசிடேட்டை விட்டு, ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். அதன் அளவு மாறாது, நிறமும் நன்றாகப் பிடிக்கும். 1958 வடிவத்தில் வந்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடு பொருந்துகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பெரியவர்களைப் பிடித்து வைத்திருப்பது அளவுக் கணக்கு. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம், குமிழை விட்டுவிட்டால், 9.6 மில்லிமீட்டர். தகடு என்று சொல்லும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், மூன்று தகடு சேர்ந்தால் ஒரு கட்டை. சரி, ஐந்து தகடுகளை அடுக்கினால்? 16 மில்லிமீட்டர். அது இரண்டு குமிழின் அகலம். இந்த ஒரு பொருத்தத்தால் கட்டையை நிமிர்த்தி மட்டும் அல்ல, பக்கவாட்டில் படுக்க வைத்தும் மற்றவற்றோடு இடைவெளி இல்லாமல் சேர்க்கலாம். பக்கத்தில் குமிழ் உள்ள கட்டைகள் இதற்கென்றே கிடைக்கின்றன. குமிழை மேலே பார்க்க வைத்து அடுக்குவதோடு நிற்பது சிறுபிள்ளை வேலை. குமிழை எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் திருப்பத் தெரிந்த அன்று நீங்கள் கைவினைக்குள் வந்துவிட்டீர்கள். மழமழப்பான சுவர், வளைவு, சித்திர வேலை எல்லாம் அப்போதுதான் கைக்கு வரும்.

இதில் தீர்ந்துபோகிற சேர்க்கைகளும் இல்லை. ஒரே நிறத்தில் 2×4 கட்டை, அதாவது இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ள கட்டை, இரண்டு இருந்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று இருந்தால் 1,060 விதம். ஆறு இருந்தால் 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்.

பெரியவர்கள் இதற்குள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995இல் ஜேம்ஸ் ஜெசிமன் என்ற ஆஸ்திரேலியர், கட்டைகளைக் கணினியில் அடுக்கிப் பார்க்கும் எல்ட்ரோ மென்பொருளை எழுதினார். 2000இல் டான் ஜெசெக் தொடங்கிய இணையச் சந்தை, உதிரிக் கட்டைகளைத் துண்டு துண்டாக வாங்க வழி செய்தது. பிரிக்லிங்க் என்று பெயர் பெற்ற அதை 2019இல் லெகோவே வாங்கிக்கொண்டது. இடையில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நிறுவனம் பெரும் நட்டத்தில் விழுந்து எழுந்தது. எழுந்த பிறகு பெரியவர்களை ஓரமாக நிற்கும் வாடிக்கையாளர்களாக அது பார்க்கவில்லை. 2007இல் தெருமுனைக் கட்டட வரிசை, 2008இல் கட்டடக்கலை வரிசை, அதே ஆண்டில் 5,900க்கு மேற்பட்ட துண்டுகளோடு தாஜ்மகால், 2020இல் 9,036 துண்டுகளோடு ரோமின் கொலோசியம் என்று வந்தன. 2020 முதல் பெட்டியிலேயே 18+ என்று அச்சிடத் தொடங்கினார்கள்.

மேற்கு நாடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் கதையை ஒரே மாதிரிச் சொல்வார்கள். சின்ன வயதில் விளையாடினோம், பதினைந்து பதினாறில் விட்டோம், முப்பதில் திரும்பி வந்தோம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கதை பொருந்தாது. 1990களில் இங்கே வளர்ந்தவர்களுக்குத் திரும்பிப் போக அப்படியொரு பெட்டி இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாம் அரிதாகியிருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளில் டென்மார்க் கட்டைக்கு இடம் ஏது? நுங்கு எடுத்த கோம்பையில் வண்டில் செய்தோம், தீப்பெட்டியில் ரயில் செய்தோம், மட்டையில் வீடு வெட்டி ஒட்டினோம். அதனால் இங்கே நாற்பது வயதில் முதல் பெட்டியைத் திறப்பவர் பழைய விளையாட்டுக்குத் திரும்புகிறவர் அல்ல. முதன்முதலாகத் தொடுகிறவர். அந்த ஆவலைக் கேலியாகப் பார்ப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

செலவைப் பற்றி நேராகப் பேச வேண்டும். இந்த வட்டத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு துண்டுக்குப் பத்து அமெரிக்கச் சதம். 2,000 துண்டுப் பெட்டி என்றால் 200 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய், அதற்குமேல் தபாலும் வரியும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் அதே ஆண்டு மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது, இதைத் தொடங்கியிருந்த பலர் பெட்டி வாங்குவதை நிறுத்தியது இயல்பானதுதான்.

மாற்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு உறவுகள் வரும்போது பழைய கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாவித்த கட்டைகளை நிறைக்கு விற்கிறார்கள். 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். ஒரு கிலோவில் அப்படிப்பட்டவை 400க்கு மேல் வரும். பயணப் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்டால் எந்த மாமாவும் மறுக்கமாட்டார். அப்புறம் சீனக் கட்டைகள். லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகக் காக்க அந்த நிறுவனம் போட்ட வழக்குகளில் 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதற்கு எதிராகவே தீர்ப்பளித்தன. ஆகவே பொருந்தும் கட்டை செய்வது களவு அல்ல. இன்னொருவர் வடிவமைத்த முழு மாதிரியையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுத்து விற்பதுதான் களவு. அப்படிச் செய்த ஒரு பெரிய கும்பலைச் சீனப் பொலிசாரே 2019இல் பிடித்தார்கள். மலிவான கட்டைகள் சிலவற்றில் பிடிப்புத் தளர்வாக இருக்கும், சிலவற்றில் கழற்ற முடியாத இறுக்கமாக இருக்கும். பெரிய பெட்டி வாங்குமுன் சின்னப் பெட்டி ஒன்றில் பிடிப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காசே செலவழிக்காத வழியும் உண்டு. பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். அதில் எல்லா நிறத்திலும் எல்லாத் துண்டும் எல்லையில்லாமல் கிடைக்கும். கட்டி முடித்தால் எத்தனை துண்டு தேவை என்று பட்டியலும் தரும். கட்டடத்தை முதலில் அங்கே கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லத் துண்டுகளைச் சேர்ப்பதுதான் நம் பொருளாதாரத்துக்கு ஏற்ற ஒழுங்கு.

சரி, எதைக் கட்டுவது? பெட்டியில் வருகிற நியூயோர்க்கும் பாரிசும் அழகுதான். பயிற்சிக்கு ஒன்றிரண்டு கட்டலாம், நுட்பங்கள் கைக்குப் பழகும். ஆனால் அறிவுறுத்தல் புத்தகத்தைப் பார்த்து அடுக்குவதோடு நின்றுவிட்டால் பாதி இன்பம்தான். மீதிப் பாதி சொந்த வடிவமைப்பில் இருக்கிறது.

சொந்த வடிவமைப்புக்கு முதல் தேவை அளவு விகிதம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு வசதியான விகிதம் ரயில்பாதையிலிருந்தே கிடைக்கிறது. லெகோ தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 37.5 மில்லிமீட்டர். இலங்கையின் அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 45க்கு 1. 1978இல் வந்த லெகோவின் சின்ன மனித உருவங்களோடு ஒத்துப்போகிற அளவும் ஏறக்குறைய இதுதான். ஐரோப்பாவின் பாதை இதைவிட ஒடுக்கம். அதனால் அங்கே ரயில் கட்டுகிறவர்களுக்குப் பாதை ஒரு விகிதம், மனிதர் ஒரு விகிதம் என்று இழுபறி. நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் நிலையத்துக்குள் நுழைந்த யாழ்தேவியைக் கட்ட இதைவிட நல்ல விகிதம் வேண்டாம்.

இந்த 45க்கு 1 வீடுகளுக்கும் பொருந்துகிறது. ஏழடிக் கதவு ஐந்து கட்டை உயரம். பத்தடிச் சுவர் ஏழு கட்டை. ஒரு குமிழ் அகலம் என்பது நிஜத்தில் 36 சென்றிமீட்டர், சுமார் பதினாலு அங்குலம். இன்றைய மெல்லிய சுவருக்கு இது தடிப்பு. சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டிய பழைய தடித்த சுவருக்கு அளவாக இருக்கும். அதனால்தான் முதல் சொந்தக் கட்டடமாக ஒரு நாற்சார் வீட்டை நான் பரிந்துரைப்பேன். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, தூண்கள், உள்நோக்கிச் சரிகிற கூரை. வெளியே பார்த்தால் எளிமை, கட்டத் தொடங்கினால் முற்றத்து மூலையில் சிக்கல். நான்கு கூரையும் உள்ளே சந்திக்கிற பள்ளமூலைக்கு உட்புறமாக மடிந்த சாய்வுத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு குறைந்த நிறங்களிலேயே வரும். பீலி ஓட்டின் நெளிவுக்கு அரைவட்டத் துண்டுகளை வரிசையாகப் படுக்க வைத்துப் பார்க்கலாம். கிடுகு வேலிக்கு, மேலே கம்பி வரி போட்ட 1×2 துண்டுகளை மண்ணிறத்தில் நிமிர்த்தி அடுக்கினால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பனைமரம்தான் தொல்லை. தயாராகக் கிடைக்கிற ஓலைத் துண்டுகள் தென்னோலை மாதிரி நீண்டவை. பனையின் விசிறி ஓலைக்குச் சிறு இலைத் துண்டுகளை ஒரு மையத்தைச் சுற்றி நெருக்கமாகப் பூட்ட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் பனை இல்லாத யாழ்ப்பாண வீடு யாருக்கு வேண்டும்?

சுவர் எழுப்பும்போது மூட்டுக்கு நேர் மேலே மூட்டு வராமல் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஏபிஎஸ் கட்டை அழுத்தத்தில் இலேசில் நொறுங்காது. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகத்தில் 2012இல் செய்த சோதனையில் ஒரு 2×2 கட்டை நானூறு கிலோவுக்கு மேல் தாங்கியது. மாதிரிகள் உடைவது பக்கவாட்டு இழுவையில்தான்.

அடுத்த படி யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய நாற்கோணக் கோட்டையை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை ஐந்து கொத்தளங்களோடு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். கட்டைகளின் உலகம் செங்கோண உலகம். 108 பாகை மூலை அதற்குள் எப்படி வரும்? மேசன்மார் அத்திவாரத்தில் மூலைமட்டம் பிடிக்கப் பாவிக்கும் 3-4-5 கணக்கு இங்கே கைகொடுக்கிறது. கோட்டையின் ஒரு பக்கத்தை மேசை ஓரத்துக்கு இணையாக வைத்தால், எதிரே கூம்பும் இரண்டு பக்கங்களும் 36 பாகையில் சரிய வேண்டும். குமிழ்களை எண்ணி 3-4-5 முக்கோணம் போட்டால் கிடைப்பது 36.87 பாகை. மற்ற இரண்டு பக்கங்களுக்கு 72 பாகை வேண்டும். 7-24-25 முக்கோணம் 73.74 தருகிறது. மீதி வித்தியாசத்தைக் கீல் துண்டுகள் தாங்கிக்கொள்ளும், அல்லது கொத்தளத்துக்குள் மறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பைதகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்த ஒரு மேசையைச் சுற்றி நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கட்டியதைக் காட்ட வேண்டுமே. யாழ்ப்பாண வீடுகளில் அதற்கு ஆயத்தமான இடம் ஹோலில் இருக்கிற ஷோகேஸ். வெளிநாட்டுப் பீங்கான்களையும் பரிசுக் கிண்ணங்களையும் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். ஆனால் ஷோகேஸ் யன்னலுக்கு நேரே இருந்தால் மாற்றுங்கள். ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டாடையீன் பகுதி புறஊதாக் கதிர் பட்டு ஒட்சிசனோடு சேரும்போது நிறம் மஞ்சளாகும். வெள்ளை, சாம்பல், நீலத்தில் அது உடனே தெரியும். வெயில்தான் முதல் எதிரி, வெப்பம் அல்ல. ஏபிஎஸ் இளகத் தொடங்குவது சுமார் 105 பாகையில். நம் சித்திரை வெக்கையில் மாதிரிக்கு ஒன்றும் ஆகாது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்தது தூசி. கடற்காற்றோடு வரும் ஈரமும் உப்பும் அதைக் குமிழ்களுக்கு இடையில் பசைபோல் பிடிக்க வைக்கும். கண்ணாடிக் கதவின் விளிம்புகளில் மெல்லிய இரப்பர் பட்டி ஒட்டிவிட்டால் பெருமளவு குறையும், பல்லியும் உள்ளே போகாது. சித்திரம் வரையும் மென்மையான தூரிகையால் மாதம் ஒரு தரம் தட்டுங்கள். கழுவ வேண்டி வந்தால் கழற்றி, 40 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் மெல்லிய சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். ஏபிஎஸ் அதில் கரைந்துவிடும்.

வீட்டு ஷோகேஸுக்கு வெளியே இவற்றை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பில்லுண்டில் 2017இல் திறந்த லெகோ இல்லத்தின் மேல்மாடியை, பொழுதுபோக்குக்காரர்கள் சொந்தமாகக் கட்டியவற்றைக் காட்டவே ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பள்ளிக்கூட மண்டபங்களிலும் வாசிகசாலைகளிலும் ஒரு மேசை கிடைக்காதா? அந்த மேசைக்கு முதலில் வர வேண்டியவை இன்று நிற்காத கட்டடங்கள். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவத்தில் கட்டிய தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாகிவிட்டது. நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் அதை முழுசாகப் பார்த்தவர்கள் இங்கே இருக்க வாய்ப்பில்லை. நான்கு கைகளும் ஒரே நீளமான சிலுவைத் திட்டம் கட்டைகளின் சதுரத்துக்குள் எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன்.

பொது நூலகம் இன்னும் கடினமான கேள்வியைக் கேட்கிறது. எந்த நூலகத்தைக் கட்டுவது? சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி திறந்ததையா, 1981 மே 31ஆம் திகதி இரவு சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்ததையா, பின்னர் மீளக் கட்டி இன்று நாம் உள்ளே போய் இருந்து வாசிப்பதையா? மூன்றையும் கட்டைகளில் கட்ட முடியும். நான் 1959ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். எரிந்த படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. திறந்த நாளில் அது எப்படி நின்றது என்று இளையவர்கள் முப்பரிமாணத்தில் சுற்றிவந்து பார்த்ததில்லை.

கட்டட வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். நேர் முன்னிருந்து எடுத்த பழைய படம் ஒன்றைப் பெரிதாக அச்சிடுங்கள். அதில் வாசற்படிகளை எண்ணுங்கள். இன்றைய கட்டடத்துக்குப் போய் ஒரு படியின் உயரத்தை நாடாவால் அளந்து, படத்தில் அதே படி எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். படி பழைய இடத்திலேயே பழைய உயரத்தோடு இருக்கிறதா என்பதை இன்னொரு பழைய படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். அந்த விகிதத்தை வைத்து யன்னல், தூண், மாடி, குவிமாடம் என்று மேலே ஏறலாம். குவிமாடத்தை மட்டும் கடைசிக்கு விடுங்கள். ஆறு பக்கத்துக்கும் குமிழ் நீட்டிய நடுக்கட்டையைச் சுற்றி வளைந்த பலகைகளைப் பூட்டும் லோவெல் கோளம் என்ற முறையை முதலில் சின்ன அளவில் செய்து பழகிவிட்டு, அதன் மேற்பாதியை நூலகத்தின் அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். வெள்ளைத் துண்டுகள் நிறையத் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள். வேறு வேறு காலத்து வெள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்காது.